தியாகச் சுடர் தில்லையாடி வள்ளியம்மை



ஆப்பிரிக்கா என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சிங்கமும் யானையும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த மண்ணிலும் தோட்டத்தில் வேர்வை சிந்திய தமிழர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகப் பதினாறு வயதில் உயிரை விட்ட ஒரு பெண்பிள்ளையின் வரலாற்றை இந்தப் பரிசளிப்பு நாளில் சொல்ல விரும்புகிறேன்.

நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி கெடாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தது போலவே, 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்கள் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆளுக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி. பெண்களும் கட்ட வேண்டும். 13 வயது தாண்டிய பெண்பிள்ளைக்கும் கட்ட வேண்டும். ஓர் ஆளின் வரிக்கே பல மாதக் கூலி போய்விடும்.

வள்ளியம்மை 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை முனுசாமி சிறு வியாபாரி. தாயாரின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தில்லையாடி. அந்த ஊர்ப் பெயர்தான் மகளின் பெயரோடு சேர்ந்துகொண்டது.

1913 மார்ச்சில் ஓர் இடி விழுந்தது. கிறிஸ்துவ முறைப்படி நடந்து பதிவான திருமணங்களே செல்லும் என்று கேப் மாநில நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். தாலி கட்டியவளும் நிக்காஹ் செய்தவளும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வாரிசு உரிமையும் கேள்விக்குறியானது. அதுவரை அடுப்படியோடு இருந்த பெண்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் குதித்தார்கள்.

டிரான்ஸ்வால் பகுதித் தமிழ்ப் பெண்கள் தடையை மீறி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் வரிக் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அதே 1913-இல் புளூம்பொன்டைன் நகரில் கறுப்பினப் பெண்களும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க மாட்டோம் என்று மறுத்துச் சிறை போனார்கள். நிறம் வேறானாலும் அந்தத் தாய்மார்கள் பட்ட அவமானம் ஒன்றுதான்.

தாயாரோடு போராட்டத்தில் இறங்கிய வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் கடும் காய்ச்சல் கண்டது. வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, திரும்பவும் போகத் தயார் என்றே அந்தச் சிறுமி சொன்னார். 1914 பிப்ரவரி 22 அன்று, பிறந்த அதே தேதியில், கண் மூடினார்.

அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்களும் செல்லும் என்றாயிற்று. இந்திய அரசு 2008-இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இப்போது நம் கதைக்கு வருவோம். புது மாணவர் பதிவின்போது லூனாஸ் பக்கத்துத் தாய் ஒருத்தி என் மேசை முன் தலைகுனிந்து நின்றாள். கோயிலில் ஊரறியத் தாலி கட்டிய கல்யாணம். பதிவு மட்டும் செய்யவில்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை. அந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தது, சொல்லுங்கள்?

அன்று சட்டம் நம் கல்யாணத்தை ஏற்கவில்லை; ஏற்க வைக்க ஒரு சிறுமி உயிரையே கொடுத்தார். இன்று நம் நாட்டில், 1982-இல் அமலுக்கு வந்த சட்டப்படி, வந்து பதியுங்கள் என்று கதவு திறந்தே இருக்கிறது. நாம்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். விருந்துக்குச் செலவழிக்கிற நாம் பதிவுக்கு ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

மாணவிகளே, நீங்களும் உங்கள் பெயர் எழுதிய காகிதம் ஒவ்வொன்றையும் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். அந்த அறிவுக்குத்தான் பள்ளிக்கூடம்.

வாழ்க வள்ளியம்மையின் புகழ்!