யூல் பெருமகனாரும் தன்வெப்ப அலகும்

பௌதிகம் பயிலும் மாணாக்கருள் யூல் என்னும் அலகை அறியாதார் இலர். ஆயின், அவ்வலகுக்குப் பெயரீந்த பெருமகனார் அடியையும் இறாத்தலையும் பரனைற்றுப் பாகையையுமே கொண்டு அளந்து புகழெய்தியவர் என்பதை அறிந்தார் சிலரே. 1970களில் மெட்ரிக் அளவை நம் நாட்டிற் பரவுமுன் கற்ற மூத்த பழைய மாணவர் இறாத்தலிலும் பரனைற்றிலும் கணக்குச் செய்தனர். இன்று கற்போர் கிலோகிராமிலும் கெல்வினிலும் செய்கின்றனர். இவ்விரு தலைமுறையார்க்கும் பொதுவானது யேம்சு பிரெசுகொட் யூலின் வரலாறு.

அவர் 1818ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள், இங்கிலாந்தில் மன்செஸ்ரர் நகரை அடுத்த சல்போட்டிற் பிறந்தார். தந்தையார் பியர் வடிசாலை ஒன்றின் உரிமையாளர். இளமையில் உடல்நலம் குன்றியிருந்த யூல் வீட்டிலேயே கல்வி கற்றார். அணுக்கொள்கையால் புகழ்பெற்ற தாற்றன் அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தார். பல்கலைக்கழகப் பட்டமோ பேராசிரியர் பதவியோ அவர்க்கு இருந்ததில்லை. வடிசாலை அலுவலோடு ஆராய்ச்சியையும் நடத்தினார். வடிசாலையில் வெப்பநிலையைக் கூர்ந்தறிதல் அன்றாடத் தேவை. அப்பழக்கம் ஆராய்ச்சிக்கும் துணைநின்றது.

வெப்பம் என்பது பொருள்களினூடே பாயும் அழிவற்ற ஒரு பாய்மம் என்பதே அந்நாளில் அறிஞர் பலர் கொண்ட கருத்து. யூல் அதனை மறுத்தார். வேலையே வெப்பமாகின்றது என்றும், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்னும் மாறா விகிதம் உண்டென்றும் அவர் கண்டார். 1843இல் கோர்க்கு நகரில் அறிஞர் அவைமுன் இதனை எடுத்துரைத்தார், அவையோர் வாளாவிருந்தனர். அவர் தளர்ந்தாரல்லர். நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சில்லொன்றை அமைத்து, விழும் நிறைகளால் அதனைச் சுழலச் செய்தார். நிறைகளை இருபது முறை ஏற்றி இறக்கியும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பரனைற்றுப் பாகையே உயர்ந்தது. அச்சிற்றுயர்வைப் பாகையின் இருநூற்றிலொரு பங்குவரை காட்டும் வெப்பமானியால் அளந்தார்.

1847இல் ஒக்ஸ்போட்டில் அவர் பேசியபோது, வில்லியம் தொம்சன் என்னும் இளைஞர் கூர்ந்து கேட்டார். முதலில் ஐயுற்ற அவரே பின்னர் யூலின் உற்ற துணைவரானார். அவ்வாண்டே மணம்புரிந்த யூல், மனைவியாருடன் அல்ப்ஸ் மலைப்புறம் சென்றிருந்தபோது தொம்சனைத் தற்செயலாய்ச் சந்தித்தார். அருவியின் அடியில் நீர் வெப்பமுறுகிறதா என்று இருவரும் ஆராய முனைந்தனர். மடவளையிலிருந்து வத்தேகம, பன்வில வழியே சென்று ஹுலுகங்கை அருவியைக் காணும் நம் மாணவரும் இவ்வினாவை எழுப்பலாம். நம் நாட்டின் மிகவுயர்ந்த பம்பரகந்த அருவி 263 மீற்றர் வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியின் சத்தி முழுதும் நீரிலேயே தங்கினும் வெப்பநிலை 0.6 செல்சியசுப் பாகையே உயரும்.

1850இல் யூல் தம் முடிவை வெளியிட்டார். ஓர் இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகை சூடேற்றும் வெப்பம், 772 இறாத்தலை ஓரடி உயர்த்தும் வேலைக்கு ஒப்பாகும். அவ்வாண்டே இலண்டன் வேத்தியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

இவ்விடத்தில் அலகு மாற்றத்தைச் சிறிது நோக்குவோம். நீரின் தன்வெப்பம் பிரித்தானிய முறையிலும் 1, கலோரி முறையிலும் 1. செம்பின் தன்வெப்பம் ஈரிடத்தும் 0.092. காரணம் எளிது. ஓர் இறாத்தல் 453.6 கிராம், ஒரு செல்சியசுப் பாகை 1.8 பரனைற்றுப் பாகை. ஒரு பிரித்தானிய வெப்ப அலகு 252 கலோரி. 252ஐ 1.8ஆற் பெருக்கி 453.6ஆற் பிரிப்பின் 1 வரும். இரு முறையும் நீரையே உரைகல்லாகக் கொண்டமையின் இது மனிதர் உடன்பாட்டின் விளைவேயாம்.

யூலுக்கு மாற்றுவதோ அத்தகையதன்று. 772 அடியை 1.8ஆற் பெருக்கினால் 1389.6 அடி, அது 423.5 மீற்றர். ஈர்ப்பு வேகவளர்ச்சியாகிய 9.81ஆற் பெருக்க, கிலோகிராமுக்கும் கெல்வினுக்கும் ஏறத்தாழ 4155 யூல் கிடைக்கும். இன்று 772க்கு ஈடாகக் கொள்ளப்படும் 778 என்னும் பெறுமானத்தால் அது 4187 ஆகும். செம்பின் 0.092ஐ இதனாற் பெருக்கின் 385. இவ்வெண்ணை எந்த மாநாடும் தன் விருப்பப்படி வகுத்திருக்க இயலாது. இயற்கையை வினவியே பெறவேண்டியிருந்தது. யூலின் அளவீடு நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பிழையாதது வியப்புக்குரியது.

1854இல் மனைவியாரை இழந்தார். அவ்வாண்டே வடிசாலையும் விற்கப்பட்டது. 1870இல் கொப்பிளிப் பதக்கம் பெற்றார். 1878இல் முதுமையிலும் மீண்டும் அளந்து 772.55 என நிறுவினார். 1889இல் பாரிசிற் கூடிய மின்னியல் மாநாடு யூல் என்னும் பெயரைச் சத்தியின் அலகுக்குச் சூட்டியது. அவ்வாண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. 1948இல் வெப்பத்துக்கும் யூலே அலகாக வேண்டுமென உலக நாடுகளின் அளவை மாநாடு பரிந்துரைத்தது.

தொம்சனே பின்னர் கெல்வின் பிரபுவானார். ஆதலின், கிலோகிராமுக்கும் கெல்வினுக்கும் இத்தனை யூல் என மாணாக்கர் எழுதுந்தோறும், அவ்விரு நண்பர் பெயரும் ஒருசேர எழுதப்படுகின்றன. 4187ஐ வெறும் பெருக்கெண்ணாக மனனஞ் செய்தல் வேண்டா. மௌனத்தாற் புறக்கணிக்கப்பட்டும் அளப்பதை நிறுத்தாத ஒருவரின் உழைப்பு அவ்வெண்ணில் உறைகின்றது என்பதை இளைய மாணவர் நெஞ்சிற் கொள்வாராக.