மீன்களுக்கு ஒரு டாக்டர் – பிரான்சிஸ் டே

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு, அடி அண்ணாமலை)

சாத்தனூர் அணைக்கு டூர் போனால் மீன் வறுவல் சாப்பிடாமல் நம்மில் யாரும் திரும்பியதில்லை. சாப்பிடும்போது அந்த மீனுக்கு யார் பெயர் வைத்தார், அணை கட்டியதால் அதற்கு என்ன ஆச்சு என்று யோசிக்கிறோமா? இல்லை. சுமார் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்தார். அவர் மீன்வளத்துறை அதிகாரியாக வேலைக்கு வந்தவர் இல்லை. ஊசி போட வந்த டாக்டர். பெயர் பிரான்சிஸ் டே.

1829 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்தில் மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்து முடித்து, 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மருத்துவப் பணியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். அப்போது வயது இருபத்து மூன்று. பட்டாளத்தோடு ஊர் ஊராக மாற்றல். கடைசியில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ஆறுகள். மீன் பைத்தியம் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மீன் மார்க்கெட்டிலும் படகுத் துறையிலும்தான். 1863-ல் கொச்சியைப் பற்றி ஒரு புத்தகம், 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

டாக்டர் என்பதால் மீனை வெளியே பார்த்ததோடு விடவில்லை, அறுத்தும் பார்த்தார். கடல் கெளுத்தியில் ஆண் மீன்தான் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பாற்றுகிறது. அந்த ஆண் மீன்களின் குடலைத் திறந்து பார்த்தால் உள்ளே இரை எதுவும் இல்லை. அதாவது குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அப்பன் பட்டினி! எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

அடுத்து விரால். ஏரி வற்றினால் சேற்றுக்குள் விரால் உயிரோடு கிடக்கும் என்பது நம்ம ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். ஏன் என்று டே சோதனை செய்தார். தண்ணீர்த் தொட்டியில் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வலையைக் கட்டி, மீன் மேலே வந்து காற்றைக் குடிக்க முடியாமல் செய்தார். தண்ணீருக்குள்ளேயே மீன் மூச்சு முட்டிச் செத்தது. செவுள் மட்டும் அதற்குப் போதாது, வெளிக்காற்றும் வேண்டும் என்பது தெளிவாயிற்று. தண்ணீரில் மூழ்கிச் சாகிற மீன் என்று சொன்னால் நம் ஹாஸ்டலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி சிவில் நண்பர்கள் கொஞ்சம் கவனிக்க. டேங்க் சர்ப்ளஸ் வெயர் படம் வரைகிறோம். கிரெஸ்ட் லெவல், ஏப்ரன் என்று டைமென்ஷன் எல்லாம் போடுகிறோம். மீன் எப்படி மேலே போகும் என்று அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. கொள்ளிடத்தில் 1836-ல் மேலணையும் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டனும் அப்போது இதை யோசித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 1867-ல் அவரே, ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் கடலோர மீன்வளம் கெட்டுப் போகிறதோ என்று இந்தியா மந்திரிக்கு எழுதினார். தான் கட்டியதைத் தானே சந்தேகப்பட்ட இஞ்சினியர்! இதற்காகவே காட்டனுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். அதை விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது.

விஷயம் இதுதான். உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தில் ஹில்சா என்று கொண்டாடுவார்கள். கடலில் வாழும், ஆனால் முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே வரும். புதுத் தண்ணீர் வரும் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொள்ளிடத்தில் ஏறி வந்தால், குறுக்கே சுவர். சுவருக்குக் கீழே அப்படியே தேங்கி நிற்கும். பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் முட்டையிட வேண்டிய மீனெல்லாம் கூடைக்குப் போனால் அடுத்த வருஷத்துக்கு மீன் எங்கிருந்து வரும்? அணையில் மீன் ஏற வழி விட வேண்டும் என்று டே வற்புறுத்தினார்.

மதராஸ் மாகாணத்தோடு அது முடியவில்லை. ஒரிசா, வங்காளம், அசாம், பர்மா என்று அலைந்தார். 1871-ல் இந்தியா முழுமைக்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். மாவட்ட அதிகாரிகள், தாசில்தார்கள் வரை கேள்விப் பட்டியல் அனுப்பினார். வலைக்கண் எவ்வளவு, மீன் குறைகிறதா, விஷம் கலக்கிறார்களா, வயல் வரப்பு மடையில் பறி வைக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து 1873-ல் அறிக்கை வெளியிட்டார். குஞ்சு மீனை அள்ளும் சின்னக் கண்ணி வலை, ஆற்றில் விஷம், வழியில்லாத அணை, இந்த மூன்றும்தான் நன்னீர் மீனை அழிக்கின்றன என்பது அவர் கட்சி.

இதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வலையைத் தடை செய்தால் அன்றைக்குக் கஞ்சிக்கு மீன் பிடிக்கிறவன் என்ன செய்வான்? எங்கள் பக்கத்து ஏரிகளில் கொசுவலையைப் போட்டு அயிரைக் குஞ்சை அள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட்டுக்காக இல்லை, வீட்டுக் குழம்புக்காகத்தான். டேயின் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஏழையின் குழம்புச் சட்டிக்கு இடம் கம்மி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய பெரிய புத்தகம் இந்திய மீன்களைப் பற்றியது. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. 1888-ல் பின்சேர்க்கையும் வந்தது. 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள், 195 படத்தாள்கள். பல மீன்களுக்கு லத்தீன் பெயரோடு தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார். அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்னவர்கள் யார்? வலையைத் தோளில் போட்டு வந்த நம்ம ஜனங்கள்தான். மீன் பெயர் அச்சில் ஏறிவிட்டது, சொன்னவர் பெயர் ஏறவில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எல்லாவற்றிலும் அவர் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்று தோற்றார். வேறு ஆட்கள் வந்து அதைச் சாதிக்கப் பல வருஷம் ஆயிற்று.

1877-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் குடியேறினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, பிரிட்டிஷ் மீன்களைப் பற்றி எழுதினார். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆல்பர்ட் குந்தர் என்ற பெரிய மீனியல் அறிஞர் இருந்தார். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. வேடிக்கை என்னவென்றால், 1867-ல் நீலகிரி அடிவார ஆறுகளில் கிடைத்த ஒரு அயிரைக்கு குந்தரின் பெயரை வைத்ததே டேதான்! அந்த மீன் இன்றும் அதே பெயரோடு மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நீந்துகிறது. சண்டை முற்றியதில், டே சேர்த்து வைத்த மீன்களில் ஒரு பகுதி லண்டனுக்குப் போகாமல் 1883-ல் கடல் கடந்து சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதனால் நம் ஆற்று மீன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஆராய்ச்சியாளர் கல்கத்தாவையும் பார்க்க வேண்டும், லண்டனையும் பார்க்க வேண்டும், சிட்னியையும் பார்க்க வேண்டும். இரண்டு பெரிய மனுஷர்களின் வீம்பு!

கடைசியில் புற்றுநோய் வந்தது. மிச்சமிருந்த மீன்களில் பெரும் பகுதி 1889 பிப்ரவரியில் அதே பிரிட்டிஷ் மியூசியத்தின் பதிவேட்டில் ஏறியது. அதே வருஷம் இந்திய மீன்களைப் பற்றிய இன்னும் இரண்டு பாகங்களும் வெளிவந்தன. ஜூலை 10-ம் தேதி டே காலமானார். வயது அறுபது.

அவர் கேட்ட சட்டம் அவர் செத்து எட்டு வருஷம் கழித்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டமாக வந்தது. தண்ணீரில் வெடி போடுவதும் விஷம் கலப்பதும் குற்றமாயிற்று. 1907-ல் மதராஸ் மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துறை தொடங்கியது.

கொள்ளிடம் கீழணையில் பிற்பாடு மீன் ஏணி கட்டியும் பார்த்தார்கள். மேலை நாட்டு சால்மன் துள்ளித் துள்ளிப் படி ஏறும். உல்லம் துள்ளுகிற ஜாதி இல்லை, நீந்த மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏணி அங்கேயே நின்றது, மீன் ஏறவில்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் உல்லம் அரிதாகிப் போனது. கங்கையில் அலகாபாத்துக்கும் மேலே போய்க்கொண்டிருந்த ஹில்சாவும் 1975-ல் பராக்கா அணை வந்ததும் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது.