ஓட்ட வேந்தர் ஜெஸ்ஸி ஓவன்ஸ்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்து ஓக்வில் என்னும் சிற்றூரில், 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், வாரத்துக்குப் பயிரிடும் ஓர் ஏழைக் குடியானவரின் பத்தாவது மகவாகப் பிறந்தவர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து ஓவன்ஸ். பாட்டனார் அடிமையாய் வாழ்ந்தவர். தந்தையாரோ சட்டப்படி உரிமை பெற்றவராயினும் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டுக் கடனிலேயே காலங்கழித்தவர். மார்புச் சளியால் அடிக்கடி நோயுற்ற அச்சிறுவன் பிழைப்பானா என்றே பெற்றோர் அஞ்சினர்.

அவனுக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. புதிய பள்ளியில் ஆசிரியை பெயர் கேட்க, வீட்டில் வழங்கிய ஜே.சி. என்னும் முதலெழுத்துகளைத் தென்னாட்டு உச்சரிப்பில் அவன் சொன்னான். ஆசிரியையின் செவியில் அது ஜெஸ்ஸி என விழுந்தது. மறுத்துரைக்கத் துணியாத சிறுவனுக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது.

அப்பள்ளி நாள்களில் அவருக்கு வாய்த்தவர் சார்லஸ் ரைலி என்னும் வெள்ளையரான பயிற்சியாளர். மாலையில் ஓவன்ஸ் செருப்புத் தைக்கும் கடையில் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆதலின் ரைலி விடியற்காலையில், பள்ளி தொடங்குமுன் வந்து அவருக்குத் தனியே பயிற்சி அளித்தார். ஊதியத்துக்காகச் செய்த பணியன்று அது. 1933இல், பள்ளி மாணவராயிருக்கும்போதே, 100 கெஜத் தொலைவை 9.4 வினாடியில் ஓடி அந்நாளைய உலகச் சாதனையை ஓவன்ஸ் எட்டிப் பிடித்தார்.

பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கல்வி உதவித்தொகை கிட்டவில்லை. கறுப்பினத்தவர் என்பதால் வளாக விடுதியிலும் இடமில்லை. போட்டிகளுக்காக அணியினருடன் பயணம் செய்யும்போதும் தனி உணவகம், தனித் தங்குமிடம். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தம் மார்பில் தாங்கி ஓடியவருக்கு அப்பல்கலைக்கழக விடுதியில் ஒரு கட்டில் இல்லை என்பதை இன்றைய மாணவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

1935ஆம் ஆண்டு மே 25ஆம் நாளைத் தடகள வரலாற்றாசிரியர்கள் தனியே போற்றுவர். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் பல்கலைக்கழகங்களுக்கிடையே போட்டி. சில நாள்களுக்கு முன் படிக்கட்டில் விழுந்த ஓவன்ஸுக்கு முதுகில் கடும் வலி. குனியவும் இயலாத நிலை. பயிற்சியாளர் லாரி ஸ்னைடர் தயங்கினார். மாலை 3.15 மணிக்கு 100 கெஜ ஓட்டத்தில் உலகச் சாதனையைச் சமன்செய்தார் ஓவன்ஸ். அடுத்து நீளம் தாண்டுதலில் ஒரே ஒரு முறைதான் தாண்டினார்: 26 அடி 8¼ அங்குலம். அச்சாதனை 25 ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை. பிறகு 220 கெஜ ஓட்டம் 20.3 வினாடி, 220 கெஜத் தாழ்தடை ஓட்டம் 22.6 வினாடி. 45 நிமிடங்களில் மூன்று உலகச் சாதனைகள் தகர்ந்தன, ஒன்று சமனாயிற்று. பெர்லின் வெற்றியினும் இந்த முக்கால் மணி நேரமே பெரிது என்பது எம் கருத்து.

எனினும் உலகம் அவரை அறிந்தது 1936 ஆகஸ்டில், இட்லரின் பெர்லினில்தான். ஆரிய இனமே உயர்ந்தது எனப் பறைசாற்ற எழுப்பிய அரங்கில், 3ஆம் நாள் 100 மீட்டரை 10.3 வினாடியிலும், 4ஆம் நாள் நீளம் தாண்டுதலில் 8.06 மீட்டரும், 5ஆம் நாள் 200 மீட்டரை 20.7 வினாடியிலும் வென்றார். 9ஆம் நாள் தொடர் ஓட்டத்தில் நான்காவது தங்கம். அந்த ஓட்டத்தில் ஓடவேண்டிய கிளிக்மன், ஸ்டோலர் என்னும் யூத இளைஞர் இருவரைக் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டே ஓவன்ஸையும் மெட்காஃபையும் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சேர்த்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இட்லர் ஓவன்ஸுக்குக் கைகொடுக்க மறுத்தார் என்று நாம் கேட்டு வளர்ந்த கதை முழு உண்மையன்று. முதல் நாள் சில வெற்றியாளரை மட்டும் இட்லர் பாராட்டினார். பாராட்டினால் எல்லாரையும் பாராட்டுக, இன்றேல் எவரையும் வேண்டா என ஒலிம்பிக் குழுத் தலைவர் அறிவுறுத்தவே, பின்னர் அவர் பொதுவில் எவரையும் பாராட்டவில்லை. ஓவன்ஸ் வென்றது அதற்குப் பின்னரே. தம் நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாழ்த்துச் செய்தியும் அனுப்பவில்லையே என்பதுதான் ஓவன்ஸின் நெஞ்சில் நெடுநாள் உறுத்திய குறை.

நீளம் தாண்டுதலில் இரண்டாமிடம் பெற்ற செருமானியர் லூஸ் லாங், தகுதிச் சுற்றில் தடுமாறிய தமக்கு யோசனை கூறினார் என்று ஓவன்ஸ் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அதனை ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். ஆயின் போட்டி முடிந்ததும் இட்லரின் கண்ணெதிரே, தம்மை வென்றவருடன் லாங் கைகோத்து நடந்தது யாவரும் கண்ட காட்சி. லாங் 1943இல் சிசிலிப் போர்க்களத்தில் மாண்டார். போருக்குப் பின் அவருடைய மகனைத் தேடிக் கண்டார் ஓவன்ஸ்.

தாயகம் திரும்பியவருக்கு நியூயார்க்கில் ஊர்வலம் நடந்தது. ஆனால் அவருக்கென நட்சத்திர விடுதியில் நடந்த விருந்துக்கே சாமான்கள் ஏற்றும் மின்தூக்கியில் செல்ல வேண்டியதாயிற்று. ஐரோப்பியக் காட்சிப் பந்தயங்களைத் தொடர மறுத்தமைக்காகத் தடகளச் சங்கம் அவரை விலக்கிவைத்தது. 23 வயதில் போட்டி வாழ்வு முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கியூபாவின் ஹவானாவில் குதிரையோடு பந்தயம் ஓடினார். மனிதருக்கு இழிவன்றோ எனக் கேட்டோருக்கு, பதக்கங்களை உண்ண முடியாது என்பதே அவர் விடையாயிருந்தது. சலவைக் கடை தொடங்கி நொடித்து, 1939இல் கடனாளியாக அறிவிக்கப்பட்டார். மனைவி ரூத்தும் மூன்று பெண்மக்களும் அவ்வறுமையைப் பகிர்ந்தனர்.

1950களில் நிலை திரும்பியது. 1955இல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கும் மலேயாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் வந்தார். 1968இல் மெக்சிகோவில் சுமித்தும் கார்லோசும் கறுப்புக் கையுறை அணிந்து முட்டியை உயர்த்தியபோது அதனைக் கண்டித்தார். 1970இல் நூலும் எழுதினார். கறுப்பின இளைஞர் பலர் அவரை வெறுத்தனர். இரண்டே ஆண்டில் தம் கருத்து மாறியதென ஒப்புக்கொண்டு மற்றொரு நூல் வெளியிட்டார். புகழுற்றோர் எளிதில் செய்யாத செயல் இது. பட்டம் பெறாமலே வெளியேறிய பல்கலைக்கழகம் அதே 1972இல் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. 1976இல் அதிபர் ஃபோர்டு நாட்டின் உயர் விருதை அளித்தார்.

நெடுங்காலம் புகைபிடித்து வந்த ஓவன்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1980 மார்ச் 31ஆம் நாள் அரிசோனாவில் காலமானார். சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, பெர்லின் ஒலிம்பிக் அரங்கை ஒட்டிய சாலைக்கு அந்நகரத்தார் அவர் பெயரைச் சூட்டினர்.