புதுவையில் பாரதியார்: கவலையும் கவிதையும்

முறுக்கிய மீசையும் முண்டாசும் கண்டு பழகிய நாம், பாரதியாரை அஞ்சாத வீரராக மட்டுமே எண்ணி வந்துள்ளோம். ஆங்கில ஆட்சியோடு அவர் நிகழ்த்திய போர் யாவரும் அறிந்தது. கவலையோடு அவர் நாள்தோறும் நிகழ்த்திய போரோ பலரும் அறியாதது. அதுவே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1882 டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். பஞ்சாலைத் தொழிலில் நொடித்துப்போன தந்தையார் 1898-இல் மறைந்தார். காசியில் கல்வி, எட்டயபுர அரண்மனைப் பணி, மதுரையில் சில மாத ஆசிரியப் பணி, சென்னையில் இதழ்ப்பணி என வாழ்வு விரைந்து சென்றது. 1908-இல் ‘இந்தியா’ இதழின் மீது அரசின் பிடி இறுகவே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார். பத்தாண்டுகள் அங்கே தங்க நேர்ந்தது.

1910-இல் ‘இந்தியா’ நின்றது. அதனோடு வருவாயும் நின்றது. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரை கொல்லப்பட்ட பின்னர் ஒற்றர் கண்காணிப்பு மிகுந்தது. வீட்டுக்கு வாடகை வேண்டும்; மனைவியையும் இரு பெண்மக்களையும் காக்க வேண்டும். வீட்டுக்கு வருவோர் போவோரெல்லாம் ஒற்றர் கண்ணில் பட்டனர். இத்தகைய நிலையில் எழுதுகோலைத் தொடவும் மனம் வருமா? நம்மில் பலருக்கு, நாளை வரவிருக்கும் ஒரு தேர்வே இன்றைய உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறதே!

ஆயின் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் அச்சேறியது. குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் புதுவை வாழ்வின் விளைவுகளே. கவலைப்படுவதையே நரகமாகவும், கவலையற்றிருப்பதையே முக்தியாகவும் அவர் கருதினார். கவலை தீரட்டும், பின்னர் எழுதுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்நூல்கள் பிறந்திரா.

அவர் கண்ட வழி எளியது. கண்ணெதிரே இருப்பதை ஊன்றிப் பார்த்தார். காற்றைப் பற்றிய அவருடைய வசன கவிதையைப் பயின்றோர் இதனை உணர்வர். மாடியில் ஒரு தென்னோலைப் பந்தல். அதில் தொங்கும் இரு கயிற்றுத் துண்டுகள். நம் வீட்டில் கிடந்தால் அறுத்தெறிவோம். பாரதியாரோ அவற்றைக் கணவன் மனைவியாக்கிக் கந்தன், வள்ளியம்மை எனப் பெயரிட்டு, அவற்றோடு உரையாடுகிறார். காற்று வீசுகிறது, கயிறுகள் ஆடுகின்றன, அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதிலிருந்து உயிர்மூச்சின் வணக்கம் வரை அக்கவிதை உயர்ந்துவிடுகிறது. கையில் காசில்லாதவருக்கும் கிடைக்கும் பாடுபொருள் இது!

கண்ணன் பாட்டும் இத்தகையதே. இறைவனைத் தோழனாக, குழந்தையாகப் பாடியதோடு அமையாமல், வீட்டு வேலைக்காரனாகவும் பாடினார். வேலையாட்களால் படும் அன்றாடத் தொல்லைகள் கூட அங்கே பாட்டாகிவிட்டன. இதற்கு இணையான துணிவை அவருடைய அரசியல் பாடல்களிலும் நாம் கண்டதில்லை.

இவ்விடத்தில் செல்லம்மாளை மறந்து எழுதுதல் நேர்மையாகாது. சமையலுக்கென அவர் வைத்திருந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த செய்தியை மேடைதோறும் சிரிப்போடு சொல்கிறோம். அன்று பகல் உலையில் எதை இடுவது என்று நின்றவர் யார்? கவிஞர் இறக்கி வைத்த கவலையின் பெரும்பகுதி அவ்வம்மையாரின் தோளில் ஏறியது. குருவிகளின் களிப்பைக் கண்ட கண் பெரிது. அடுப்படியில் நின்ற கண்ணீரும் சிறிதன்று. பாரதி ஆய்வுகளில் இவ்வம்மையாருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதே நம் கருத்து.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதியார், கடலூர் அருகே கைதாகிச் சிறைப்பட்டார். டிசம்பரில் விடுதலை பெற்றுச் செல்லம்மாளின் ஊராகிய கடையம் சேர்ந்தார். அங்கும் வறுமை உடன் வந்தது. அவர் முகம் வாடவில்லை. 1920-இல் அருகிலுள்ள பொட்டல்புதூரில் முஸ்லிம் பெருமக்களிடையே இஸ்லாத்தின் பெருமையைப் பேசினார். அல்லாஹ்வைப் போற்றும் பாடலும் அவர் பாடியதுண்டு. அவ்வாண்டின் இறுதியில் சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரனில் மீண்டும் பணியேற்றார்.

1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு காயமுற்றார். தேறிய பின், ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்திற்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள் பற்றிப் பேசினார். செப்டம்பரில் வயிற்றுநோய் கண்டு மறைந்தார். நாற்பது வயதும் நிரம்பவில்லை.

அச்சாகாத எழுத்துகள் மிகுதியாக எஞ்சின. செல்லம்மாள் ‘பாரதி ஆச்சிரமம்’ என்னும் பெயரில் பதிப்பகம் தொடங்கினார். கணவர் மறைந்த சில மாதங்களில், 1922-இல், சுதேச கீதங்கள் அவர் முயற்சியால் வெளிவந்தது.