பனித்தளத்தின் ராணி ஸோன்யா ஹெனி

பதினொரு வயதில் ஒலிம்பிக் களத்தில் இறங்கிய நார்வே நாட்டுச் சிறுமியின் கதை

1924-ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசி. பிரான்ஸ் நாட்டில், ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே இருக்கும் ஷாமனி என்ற சிற்றூரில் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. பெண்களுக்கான பனிச்சறுக்கு நடனப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அவர்களில் ஒருத்தியைப் பார்த்ததும் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு வயது 11. மற்ற பெண்களின் பாவாடை கெண்டைக்காலைத் தொட்டுக்கொண்டிருக்க, இவளுடைய உடை முழங்காலோடு நின்றுவிட்டது. ஆட்டத்தின் நடுவில் அடுத்தது என்ன என்பதை மறந்துபோய், பயிற்சியாளரிடம் சறுக்கிச் சென்று கேட்டுக்கொண்டு திரும்பினாள் என்றுகூடச் சொல்வார்கள். போட்டி முடிந்தபோது எட்டாவது இடம், அதாவது கடைசி இடம், அவளுக்குக் கிடைத்தது.

அந்தச் சிறுமிதான் ஸோன்யா ஹெனி. கடைசியாக வந்த அவள் பின்னால் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் பத்து உலக சாம்பியன் பட்டங்களையும் வென்றாள். சிறுமிகளும் பெரியவர்களோடு போட்டியிடலாம், வெல்லவும் வெல்லலாம் என்று உலகத்துக்குக் காட்டினாள். அவள் திறந்துவிட்ட அந்தக் கதவின் வழியே புகழ் வந்தது. கூடவே ஆபத்தும் வந்தது.

தந்தையின் கனவு

ஸோன்யா பிறந்தது 1912-ம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதி, நார்வேயின் தலைநகரில். இன்று ஆஸ்லோ என்று வழங்கும் அந்த நகரத்துக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். தந்தை வில்ஹெல்ம் ஹெனி மிருக ரோம உடைகளை விற்கும் செல்வந்தரான வியாபாரி. வாலிபத்தில் சைக்கிள் பந்தயங்களில் பெயர் எடுத்தவர். தாயார் பெயர் ஸெல்மா. அண்ணன் லெய்ஃப் சறுக்கப் போவதைப் பார்த்துவிட்டுத் தானும் போக வேண்டுமென்று அடம் பிடித்த ஸோன்யாவுக்குச் சின்ன வயதிலேயே சறுக்குக் காலணிகள் கிடைத்தன.

மகளின் கால்களில் ஏதோ ஒரு விசேஷம் இருக்கிறது என்பதைத் தந்தை சீக்கிரமே கண்டுகொண்டார். அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே மகளைச் சுற்றிச் சுழலத் தொடங்கியது. நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார். பாலே நடனம் கற்பித்தார். நார்வேயில் பனி உருகும் காலத்தில் வேறு நாட்டுப் பனித்தளங்களுக்கு அழைத்துச் சென்றார். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. வாத்தியார்கள் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றக் குழந்தைகளுக்கு விளையாட்டாக இருந்தது இவளுக்கு வேலையாயிற்று. ஆனால் அந்த வேலையை அவள் மனமார விரும்பினாள் என்பதிலும் சந்தேகமில்லை.

தாவக் கூடாது என்ற காலம்

அக்காலத்தில் பனிச்சறுக்கு நடனம் இரண்டு பகுதிகளாக நடந்தது. முதலாவது, காலணியின் அடியிலுள்ள எஃகுத் தகட்டால் பனியின்மீது எட்டு முதலிய உருவங்களைப் பிசகாமல் வரைந்து காட்டுவது. மதிப்பெண்களில் பெரும்பங்கு இதற்குத்தான். இரண்டாவது, இசைக்கேற்ப விருப்பம்போல் ஆடுவது. இதில் ஆண்கள் தாவினார்கள், சுழன்றார்கள். ஸ்வீடன் நாட்டு வீரர் உல்ரிக் ஸால்கோ 1909-ல் ஒரு புதிய தாவலைக் கண்டுபிடித்தார். பின்னோக்கிச் சறுக்கியபடியே ஒரு காலின் உள்விளிம்பால் உந்தி எழும்பி, காற்றிலே ஒரு சுற்றுச் சுற்றி, மறு காலின் வெளிவிளிம்பில் இறங்க வேண்டும். அந்தத் தாவல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் பெண்கள் தாவுவது அழகல்ல என்பது அந்த நாள் பெரியவர்களின் கருத்து. 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தெரஸா வெல்ட் இந்த ஸால்கோ தாவலைச் செய்து காட்டினாள். பாவாடை முழங்காலுக்கு மேலே எழும்புகிறது என்று நடுவர்கள் அவளைக் கண்டித்தார்கள்.

ஸோன்யாவோ குழந்தை. குழந்தை குட்டைப் பாவாடை அணிந்தால் யார் குறை சொல்ல முடியும்? மற்றவர்களுக்கு மறுக்கப்பட்ட சுதந்திரம் அவளுடைய கால்களுக்கு வயதின் காரணமாகவே கிடைத்துவிட்டது. அவள் தாவினாள்; சுழன்றாள்; உட்கார்ந்தபடி பம்பரமாகச் சுற்றினாள். முன்னோக்கிச் சறுக்கி எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுற்றும் ஆக்ஸெல் தாவலையும் பழகினாள். ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு மெய்ம்மறந்த அவள், தாவல்களை உதிரியாகச் செய்து காட்டாமல் நடனத்தோடு இழைத்துவிட்டாள். சில வருஷங்களில் வளர்ந்த பெண்களும் அவளைப் பார்த்துப் பாவாடையைக் குட்டையாக்கிக்கொண்டார்கள்.

ஆஸ்லோவில் எழுந்த சர்ச்சை

1926-ல் உலகப் போட்டியில் ஸோன்யா இரண்டாவதாக வந்தாள். மறுவருஷம் போட்டி அவளுடைய சொந்த ஊரான ஆஸ்லோவிலேயே நடந்தது. ஐந்து வருஷமாகத் தோல்வியறியாத ஆஸ்திரிய வீராங்கனை ஹெர்மா ஸாபோவை எதிர்த்து நின்றாள், பதினைந்து வயது நிறையாத இந்தப் பெண். நடுவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் நார்வேக்காரர்கள். மூவரும் ஸோன்யாவுக்கே முதலிடம் கொடுத்தார்கள். மற்ற இருவரும் ஸாபோவுக்குக் கொடுத்தார்கள். பட்டம் ஸோன்யாவுக்குப் போயிற்று. ஸாபோ அதன் பிறகு உலகப் பட்டத்துக்குப் போட்டியிடவே இல்லை. ஒரு நாட்டுக்கு ஒரு நடுவருக்குமேல் கூடாது என்ற விதி வந்ததற்கு இந்தச் சம்பவமே காரணம்.

அந்த வெற்றியில் சந்தேகம் கொண்டவர்களுக்கு அடுத்த வருஷமே பதில் கிடைத்தது. 1928 பிப்ரவரியில் ஸ்விட்ஜர்லாந்தின் ஸாங்மோரிட்ஸ் நகரில் இரண்டாவது குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அந்த வருஷம் திடீரென்று வெப்பக் காற்று வீசிப் பனியை இளக்கிவிட்டது. 10,000 மீட்டர் சறுக்கு ஓட்டத்தையே பாதியில் கைவிட நேர்ந்தது. அந்த ஒலிம்பிக்கில் ஸோன்யா தங்கப் பதக்கம் பெற்றாள். அப்போது அவளுக்கு வயது 15. இவ்வளவு சிறிய வயதில் இந்த விளையாட்டின் பெண்கள் தனிநபர் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவள் என்ற அவளது சாதனை எழுபது வருஷம் நிலைத்து நின்று, 1998-ல் நாகானோவில்தான் முறிந்தது. அதை முறித்த அமெரிக்கப் பெண் தாரா லிப்பின்ஸ்கிக்கும் வயது 15-தான். சில வாரங்களே வித்தியாசம்!

பின்னால் வந்த சிறுமிகள்

ஒருத்தி வழி காட்டினால் போதாதா? 1932-ல் அமெரிக்காவின் லேக் பிளாஸிட் ஒலிம்பிக்கில் ஸோன்யா மறுபடியும் வென்றாள். அங்கே பிரிட்டன் அனுப்பியிருந்த வீராங்கனைகளில் ஸெஸிலியா காலெட்ஜ், மெகன் டெய்லர் என்று இருவர் இருந்தார்கள். இருவருக்கும் வயது 11. எட்டு வருஷத்துக்கு முன் ஷாமனியில் அதிசயமாகத் தோன்றியது இப்போது வழக்கமாகத் தொடங்கிவிட்டது.

ஸெஸிலியா வேகமாக வளர்ந்தாள். 1936 ஜனவரியில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், காற்றிலே இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கும் இரட்டை ஸால்கோவைச் செய்து காட்டினாள். போட்டியில் இரட்டைத் தாவல் செய்த முதல் பெண் அவள்தான். வயது 15! பட்டம் ஸோன்யாவுக்கே கிடைத்தது என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் ஒலிம்பிக்கில் உருவம் வரையும் பகுதி முடிந்தபோது, இருவருக்கும் இடையே மிகச் சிறிய வித்தியாசமே இருந்தது. ஒரு காலத்தில் பெரியவர்களைக் கலங்க வைத்த சிறுமி, இப்போது 23 வயதில், பின்னால் துரத்தி வரும் சிறுமியின் காலடி ஓசையைக் கேட்டாள். நடனப் பகுதியில் தன் முழுத் திறமையையும் காட்டி மூன்றாவது தங்கத்தைப் பெற்றாள். சில நாட்களில் பாரிஸில் பத்தாவது உலகப் பட்டத்தையும் வென்று, போட்டிக் களத்திலிருந்து விலகிக்கொண்டாள். ஸெஸிலியா மறுவருஷம் உலக சாம்பியன் ஆனாள். ஆனால் 1939-ல் குதிகால் நரம்பில் ஏற்பட்ட காயத்தால் உலகப் போட்டிக்கே போக முடியாமல் நின்றாள். அப்போது அவளுக்கு வயது 18.

ஹாலிவுட்டும் அபவாதமும்

போட்டியை விட்ட ஸோன்யா ஹாலிவுட் சென்றார். 1936-ம் வருஷக் கடைசியில் வெளிவந்த முதல் படமே பெரும் வெற்றி. 1937-ல் தந்தை காலமானார். மகளின் ஒவ்வொரு அடியையும் வகுத்துக் கொடுத்த கை போய்விட்டது. ஆயினும் ஸோன்யா தளரவில்லை. பேரம் பேசுவதில் தந்தையையும் மிஞ்சினார். படங்களிலும், ஊர் ஊராகச் சென்று நடத்திய பனி நடனக் காட்சிகளிலும் பெரும் பொருள் ஈட்டினார்.

புகழோடு அபவாதமும் வந்தது. 1936-ல் பெர்லினில் ஹிட்லருக்கு நாஜி முறையில் கை நீட்டி வணக்கம் செய்ததை நார்வே மக்கள் மறக்கவில்லை. பிற்பாடு ஜெர்மானியர் நார்வேயைக் கைப்பற்றியபோது, ஹிட்லர் கையெழுத்திட்டுக் கொடுத்த படம் அவர் வீட்டில் பார்வைக்கு வைக்கப்பட்டது; வீடு தப்பியது. 1941-ல் ஸோன்யா அமெரிக்கப் பிரஜை ஆனார். தாய்நாட்டில் பலருடைய மனக்கசப்பு யுத்தம் முடிந்தும் நெடுநாள் தீரவில்லை.

1952-ல் பால்டிமோர் நகரில் அவருடைய காட்சிக்காகக் கட்டியிருந்த பார்வையாளர் மேடை சரிந்து நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். குடிப் பழக்கமும் உடலை வாட்டியது. 1956-ல் நார்வேக் கப்பல் முதலாளி நீல்ஸ் ஒன்ஸ்டாடை மூன்றாவதாக மணந்த பிறகே ஓய்வும் அமைதியும் கிடைத்தன. இருவரும் சேர்த்த நவீன ஓவியங்களுக்காக ஆஸ்லோவுக்கு அருகே கலைக்கூடம் ஒன்று கட்டி 1968-ல் திறந்தார்கள். மறுவருஷம் அக்டோபர் 12-ந் தேதி, பாரிஸிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானத்தில் வரும்போதே, ரத்தப் புற்றுநோயால் ஸோன்யா காலமானார். வயது 57. அந்தக் கலைக்கூடத்தைப் பார்த்தபடி இருக்கும் குன்றின்மேல் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு

ஸோன்யா போன பின்பும் அவர் தொடங்கிவைத்த கதை நிற்கவில்லை. ஸால்கோ என்ற அந்த ஒரே தாவலைப் பார்த்தாலே போதும். 1920-ல் ஒரு சுற்றுக்காகக் கண்டனம் வாங்கிய தெரஸா வெல்டுக்கு வயது 26. 1936-ல் இரண்டு சுற்றுச் சுற்றிய ஸெஸிலியாவுக்கு 15. 1962-ல் மூன்று சுற்றுச் சுற்றிய கனடாவின் பெட்ரா பர்க்காவுக்கும் 15. 2002-ல் நான்கு சுற்றுச் சுற்றிய ஜப்பானின் மிகி ஆண்டோவுக்கு 14. சுற்று ஏற ஏற, சுற்றுகிறவளின் வயது இறங்கியது.

இதற்குக் காரணம் உண்டு. ஒல்லியான, எடை குறைந்த உடல் காற்றிலே வேகமாகச் சுழலும். தாவியவர் ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே காற்றில் இருக்கிறார். அதற்குள் நான்கு சுற்று முடிய வேண்டுமென்றால் குழந்தை உடலே வசதியானது. பருவம் வந்து உடல் வளர்ந்துவிட்டால், நேற்றுவரை சுலபமாக இருந்த தாவல் இன்று வராமல் போகும். ஆகவே வளருமுன்னே பதக்கத்தைப் பறித்துவிட வேண்டும் என்ற அவசரம் பிறக்கிறது.

ஆனால் இறங்கும்போது ஒற்றைக் காலின்மீது உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் விழுகிறது. ஒரு நாளில் ஒரு தடவை அல்ல, பயிற்சியில் பல பத்துத் தடவை. வளரும் வயதில் எலும்புகளின் முனை இன்னும் முற்றாத குருத்தாக இருக்கும். அந்தக் குருத்திலும் இடுப்பு மூட்டிலும் முதுகெலும்பிலும் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. இளங்கன்று பயமறியாது, பயப்பட வேண்டியவர்கள் பெற்றோரும் பயிற்சியாளருமே. பதக்க ஆசை அவர்கள் கண்ணையும் மறைத்துவிட்டால் குழந்தைக்கு யார் துணை?

2022-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்கு சுற்றுத் தாவலில் வல்லவளான 15 வயது ரஷ்யச் சிறுமி ஒருத்தி, தடை செய்யப்பட்ட மருந்து உடலில் இருந்ததாக வந்த செய்திக்கும் உலகத்தின் பார்வைக்கும் நடுவே ஆடி, மீண்டும் மீண்டும் விழுந்து, நான்காவது இடத்துக்குப் போனாள். அந்தக் காட்சி பலர் மனத்தை உலுக்கியது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம், பெரியவர்கள் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தத் தீர்மானித்தது.

அந்த விதி ஸோன்யாவின் காலத்தில் இருந்திருந்தால்? ஷாமனியில் அந்தப் பதினொரு வயதுச் சிறுமி இறங்கியிருக்க முடியாது. 1927, 28, 29 ஆகிய மூன்று உலகப் பட்டங்களும், ஸாங்மோரிட்ஸ் தங்கமும் அவளுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் 1930 முதல் 36 வரை வென்ற ஏழு உலகப் பட்டங்களும், லேக் பிளாஸிட், கார்மிஷ் தங்கங்கள் இரண்டும் எந்த விதியாலும் அவளை விட்டுப் போயிருக்கமாட்டா. அப்போதும் அவள் பனித்தளத்தின் ராணிதான். அதற்குமுன் ஒரு சில வருஷம் அவள் வெறும் சிறுமியாக, பரிசுக்காக அல்லாமல் ஆசைக்காக, அண்ணனோடு சறுக்கிக்கொண்டிருந்திருப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம்.