கொற்கைத் துறை கண்ட கால்டுவெல்

பாண்டிய நாட்டின் கீழைக் கடற்கரை முத்துக்குப் பெயர் பெற்றது. தூத்துக்குடியில் 1713இல் எழுந்த பனிமய மாதா கோயிலும், டச்சுக்காரர் 1750இல் கட்டிய தூய திரித்துவ ஆலயமும் அக்கரையின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. அங்கு வந்த அயல்நாட்டாருள் முத்தும் பொருளும் நாடி வந்தோர் பலர். சமயப் பணிக்கு வந்து, அக்கரையின் தொன்மையையும் தமிழின் தொன்மையையும் உலகறியச் செய்தவர் கால்டுவெல்.

இராபர்ட்டு கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயிலுங்கால், மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. 1838இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். பின்னர், மக்களின் பேச்சையும் வாழ்க்கையையும் நேரிற் கண்டறியக் கருதிக் கால்நடையாகவே நெடுவழி கடந்து, 1841இல் நெல்லை நாட்டின் இடையன்குடியை அடைந்தார்.

செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் அது. கால்டுவெல் அங்கே நேரிய தெருக்களை வகுத்தார், கிணறு தோண்டுவித்தார், மரங்களை நடுவித்தார், பள்ளிகளை நிறுவினார். நாகர்கோவிலில் வளர்ந்து தமிழை நன்கு பேசிய அவர் மனைவியார் எலைசா, பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்தார். 1847இல் கால்டுவெல் தொடங்கிய ஆலயப் பணி, பொருள் கிடைக்குந்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்து, 33 ஆண்டுகள் கழித்து 1880இல்தான் நிறைவெய்தியது. தளராப் பொறுமைக்கு அவ்வாலயம் தக்க சான்றாகும்.

கால்டுவெல் எழுதியவை யாவும் போற்றப்பெற்றன அல்ல. இப்பகுதி மக்களைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட சிறுநூல் அவர்தம் மனத்தைப் புண்படுத்தியமையால் பின்னர்க் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. ஆயினும், 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. தென்மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவை என்று அறிஞர் பலர் எண்ணிய காலம் அது. அவை தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை என எல்லிசு என்பவர் 1816இலேயே கூறியிருந்தார். அவ்வுண்மையைச் சொற்களாலும் இலக்கண அமைப்பாலும் விரிவாக நிலைநாட்டியவர் கால்டுவெல். அந்நூலையும் அவர் அத்துடன் விட்டுவிடாமல், மேலும் ஆய்ந்து திருத்தி 1875இல் மறுபடியும் வெளியிட்டார்.

மொழியை ஆய்ந்தவர் மண்ணையும் ஆய்ந்தார். பாண்டியர் துறைமுகமாய் விளங்கிய கொற்கை, இன்று கடலை விட்டு விலகிய சிற்றூராக உள்ளது. அவ்வூரிலும் காயலிலும் கால்டுவெல் அகழ்ந்து பார்த்தார். முதுமக்கள் தாழிகளைக் கண்டார். பொருநையாறு கொண்டுவந்த வண்டல் படியப் படியக் கடல் பின்வாங்கியது. அதனால் கொற்கையின் வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தழைத்தது. இவ்வரலாற்றை அவர் தெளிவாக விளக்கினார். 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றையும் நூலாக்கினார்.

1877இல் அத்தியட்சராக உயர்ந்த அவர், சாயர்புரத்தில் இருந்த கல்லூரியை 1883இல் தூத்துக்குடிக்கு மாற்றினார். புகைவண்டியும் கப்பலும் கூடும் அந்நகரில் கல்வி ஓங்கும் என்று நம்பி, தம் 69ஆம் வயதில் அப்பெரும் பணியை மேற்கொண்டார். அக்கல்லூரி நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும், அவர் பெயர் தாங்கிய பள்ளி அந்நகரில் இன்றும் மாணவர்க்கு அறிவூட்டி வருகின்றது.

1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கால்டுவெல் கோடைக்கானலில் காலமானார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது. துறைமுகங்கள் தூர்ந்து போகலாம். முத்துக் குளிப்பும் நின்று போகலாம். ஆண்டுகள் பல கடப்பினும் சோர்வின்றி ஆற்றிய அறிவுப் பணி அழிவதில்லை.