கடலடியில் வெள்ளி தேடிய கிளார்க்

பெர்மாஸ் ஜெயாவில் நாம் நாளும் பார்க்கிற கடலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று எண்ணியதுண்டா? எண்ணியதோடு நில்லாமல், காற்றுக் குப்பியை முதுகில் கட்டி முங்கிப் பார்த்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். விண்வெளிக் கதைகளால் பேரெடுத்தவர். கடல்மேல் கொண்ட ஆசையால் 1956-ல் இலங்கைக்கே குடிவந்துவிட்டார். போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைத் திருகோணமலைக் கடலடியில் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

1961-ல் அவர் கூட்டாளி மைக் வில்சன், இலங்கையின் தென்கிழக்கே, இராவணன் கோட்டை என்று ஊரார் சொல்லும் பாறைத்திட்டருகே, ஆழம் குறைந்த இடத்தில் உடைந்த கப்பலொன்றைக் கண்டார். பீரங்கிகளோடு மூட்டை மூட்டையாய் வெள்ளி ரூபாய்! ஔரங்கசீப் காலத்து நாணயங்கள். உப்புநீரில் ஒன்றோடொன்று இறுகிக் கல்லாய்க் கிடந்தன.

கிளார்க்குக்கு இருப்புக் கொள்ளுமா? ஆனால் பாருங்கள், 1962-ல் இளம்பிள்ளை வாதம் அவரை முடக்கிப் போட்டது. மறு வருஷம் நண்பர்கள் முங்கி வெள்ளியை அள்ள, இவரோ கரையிலும் நீர்மேலும் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி கிடைத்த கதையைவிட இந்த இடந்தான் நம் மனசைத் தொடுகிறது. 1964-ல் அதைப் புத்தகமாக எழுதினார். பிற்காலத்தில் மறுபடியும் முங்கினார். தண்ணீருக்குள் உடம்பின் கனம் தெரியாதல்லவா! 2008-ல், தொண்ணூறு வயதில், கொழும்பில் காலமானார்.